இரும்பு வாடை

மூக்கக்காவின் மூக்கு செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கட்டிய புருஷனுக்குக்கூட அது தெரியாது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெயரே மூக்கக்கா என்று ஆகிவிட்ட ஒருத்தி, எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று எந்த வாயால் சொல்வாள்?

அந்தப் பெயர் வேலை செய்த இடத்தில் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவள் இருபத்திரண்டு வருஷமாகத் துணி பிரிப்பவள். சலவைக்கூடம் கட்டடத்துக்கு அடியில், வெளிச்சம் எட்டாத தளத்தில் இருந்தது. லிஃப்ட் திறந்ததும் ஒவ்வொரு வார்டிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டைகள் தள்ளுவண்டியில் வந்து இறங்கும். மெஷினுக்குள் போடுமுன் அவற்றைப் பிரிக்க வேண்டும். அதற்கென்று ஒரு நீள மேசை, மேசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ரத்தம் பட்ட துணி பச்சைத்தண்ணீருக்குப் போக வேண்டும். தவறி வெந்நீரில் போட்டால் கறை துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் குட்டிக்கரணம் போட்டாலும் போகாது. மலமும் மூத்திரமும் பட்டது தனிக் குவியல், மருந்துக் கறை தனிக் குவியல். கேட்க சுலபமாகத்தான் இருக்கும். காய்ந்துபோன துணியில் எல்லாப் பழுப்பும் ஒரே பழுப்பு, எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பு. அங்கேதான் மூக்கு வேண்டும்.

அவளுடைய மூக்கு அப்படிப்பட்ட மூக்காக இருந்தது. ஒரு விரிப்பைத் தூக்கி உதறும்போதே, "இது ரெண்டாவது மாடி, வயித்துக்குள்ள ரத்தம் போற கேசு" என்பாள். மேலே இருந்து நர்ஸுகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், சரிபார்த்துவிட்டு வாயைப் பிளப்பார்கள். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் குடல் வழியாக இறங்குவதற்குள் தார் மாதிரி கறுத்துவிடும். பார்த்தால் ரத்தம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. வாடைதான் காட்டிக்கொடுக்கும். துருவும் அழுகலும் கொஞ்சம் தித்திப்பும் கலந்த வாடை அது. ஒருமுறை மோந்தவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

பிளீச்சிங் பவுடரும் நீராவியும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மூக்கைத் தின்றன. ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்தது. சளி போனது, வாடை திரும்பி வரவில்லை. முதலில் காத்திருந்தாள், பிறகு பயந்தாள், அதன் பிறகு நடிக்கக் கற்றுக்கொண்டாள். பிரிக்கத் தெரியாதவர்களைச் சூப்பர்வைசர் இஸ்திரி உருளைக்கு அனுப்பிவிடுவார். அங்கே எட்டு மணி நேரம் நின்றபடி கொதிக்கிற ஆவியில் விரிப்புகளை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஐம்பது வயதில் அங்கே போனால் விரிப்போடு விரிப்பாக அவளையும் மடித்து அடுக்கிவிட வேண்டியதுதான்.

அவளைக் காப்பாற்றியது எதிர்ப்பக்கத்துக்காரியின் முகம். அவளைச் சோடாபுட்டி என்பார்கள். கண்ணாடி அவ்வளவு தடிமன். கறையின் நிறம் அவளுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் மூக்கு நன்றாக வேலை செய்தது. மூக்கக்கா துணியை உதறுவாள், உதறிக்கொண்டே எதிரே பார்ப்பாள். சோடாபுட்டி மூக்கைச் சுளித்தால் மலம். உதட்டைக் கடித்து முகத்தைத் திருப்பினால் பழைய ரத்தம். கண்ணாடிக்குள் கண் படபடவென்று அடித்துக்கொண்டால் மருந்து. நாலு வருஷமும் அவள் மோந்தது இன்னொருத்தியின் முகத்தைத்தான். ஒரு குவியல்கூடத் தப்பவில்லை.

வீட்டில் எதிரே சோடாபுட்டி இல்லை. அங்கே இருந்தது டைல்ஸ்காரர்.

டைல்ஸ்காரர் அவள் புருஷன். தரையில் டைல்ஸ் பதிக்கிற வேலை. காலை எட்டு மணிக்கு முட்டி போட்டால் மத்தியானம்தான் எழுந்திருப்பார். முப்பது வருஷத்தில் அடுத்தவன் வீட்டுத் தரையெல்லாம் கண்ணாடியாகப் பளபளத்தது, இவர் முட்டி இரண்டும் வீங்கிப் போயின. ஆறு வருஷத்துக்கு முன்னால் கூட வேலை பார்த்த கொத்தனார் ஒரு சிவப்பு மாத்திரையைக் கொடுத்து, "போட்டுப் பாருண்ணே, முட்டி எங்க இருக்குன்னே தெரியாது" என்றார். போட்டார். முட்டி இருந்த இடமே தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த மாத்திரை டீ மாதிரி ஆகிவிட்டது. காலையில் டீ, டீயோடு ஒரு சிவப்பு. மத்தியானம் இன்னொன்று. குளிர் அதிகமான நாட்களில் கொத்தனார் கொடுக்கும் வெள்ளை மாத்திரையும் சேர்த்து. வாங்கி வந்தவள் யார்? சாட்சாத் மூக்கக்காதான். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மெடிக்கல் ஷாப்பில் சனிக்கிழமை தவறாமல் சோப்போடு சேர்த்து ரெண்டு அட்டை. கடைக்காரர் ஒரு நாளும் டாக்டர் சீட்டு கேட்டதில்லை. அவளும் ஒரு நாளும் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று யோசித்ததில்லை.

வெறும் வயிற்றில்தான் போடுவார். அதற்கும் அந்த வேலையில் ஒரு காரணம் இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு முட்டி போட்டுக் குனிந்தால் சாப்பிட்டது நெஞ்சுக்கு ஏறும். அதனால் டைல்ஸ் போடுகிறவர்கள் ஒருவரும் காலையில் சாப்பிட மாட்டார்கள். டீ, மாத்திரை, வேலை. வயிறு எரிந்தால் சப்பிச் சாப்பிட ஒரு ரோஸ் கலர் மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கும். எரிச்சல் அடங்கும், எரிய வைத்தது அடங்காது. வலி போனால் வியாதி போச்சு என்று நினைக்கிற மனுஷர்களை வைத்துத்தான் உலகத்தில் பாதித் தரை போடப்பட்டிருக்கிறது.

போன வருஷக் கடைசியில் டைல்ஸ்காரர் வெளிறிப்போக ஆரம்பித்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வேலை செய்த கட்டடத்தில் ஒரு நாள் மருத்துவ முகாம் போட்டார்கள். விரலில் குத்திப் பார்த்தார்கள், ரத்தம் குறைச்சல் என்றார்கள். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டதற்கு, "இல்லீங்க, நான் மாத்திரையே தொடுறதில்ல" என்றார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மாத்திரை என்றால் காய்ச்சலுக்குப் போடுவது, டாக்டர் எழுதிக் கொடுப்பது. சிவப்பு மாத்திரை டீயோடு சேர்ந்தது. இரும்புச்சத்து மாத்திரை ஒரு டப்பா கொடுத்து, "கறுப்பா போகும், பயப்படாதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார்கள். உள்ளே எங்கேயோ ஓட்டை விழுந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்த மனுஷருக்கு மேலே இருந்து இரும்பு ஊற்றினார்கள்.

சொன்னபடியே கறுப்பாகப் போனது. இரண்டு மாதம் போனது. யாரும் சட்டை செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கழிவறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"இந்தாம்மா, இங்க கொஞ்சம் வா."

போனாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது வேற மாதிரி இருக்கு. தார் மாதிரி ஒட்டுது. நாத்தம் குடலைப் புடுங்குது. எனக்கே தாங்கல. நீ பாரு, உனக்குத்தான் தெரியுமே."

அவள் குனிந்து பார்த்தாள். கறுப்பு. இரண்டு மாதமாகப் பார்த்த அதே கறுப்புதான் என்று கண் சொன்னது. மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், பழக்கதோஷம். அவர் முகத்தில் சோடாபுட்டியின் சுளிப்பும் இல்லை, உதட்டுக் கடியும் இல்லை. நம்பிக்கைதான் இருந்தது. அவள் என்ன சொல்லப்போகிறாளோ அதுவே முடிவு என்கிற மாதிரி வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு இன்னும் கண்முன்னே நிற்கிறது. எனக்குத் தெரியலைங்க, எனக்கு மோப்பம் போய் நாலு வருஷமாச்சு, வாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர்கிட்ட காட்டலாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லியிருந்தால் அவர் என்ன, அடிக்கவா போகிறார்? ஆனால் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் 'எங்க வீட்டுல மோந்தே வியாதியச் சொல்லிடுவாங்க' என்று பெருமை அடித்த மனுஷர் அவர். பால் திரிந்திருக்கிறதா என்று பாத்திரத்தை அவள் மூக்கருகே நீட்டுவார். அவளும் மோந்து பார்த்த மாதிரி பாவனை செய்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் ஒரு கரண்டியில் ஊற்றிக் காய்ச்சிப் பார்ப்பாள்.

அன்றைக்கும் பாவனைதான் செய்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்து, மூச்சை நன்றாக இழுத்து, தலையை ஆட்டினாள்.

"இரும்பு வாடைதான். அந்த மாத்திரையோடதுதான். ஒண்ணுமில்ல, தண்ணி ஊத்திட்டு வாங்க."

"அதானே" என்று அவர் சிரித்தார். "நான்கூட பயந்துட்டேன்."

அதற்குப் பிறகு அவருக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் வேலைக்குப் போனார். காலையில் டீயோடு சிவப்பு மாத்திரையை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

பத்தாவது நாள் காலை ஆறரை மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். "தலை சுத்துது" என்றார். வாந்தி எடுத்தார். காபித்தூளைக் கரைத்து ஊற்றின மாதிரி இருந்தது அது. கட்டிலில் கிடந்த போர்வையிலேயே அவரைச் சுற்றி, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கை பிடிக்க, ஆட்டோவில் ஏற்றினாள். ஏழு மணிக்கு அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே, அவள் தினமும் நுழையும் பின்வாசல் வழியாக இல்லாமல், முன்வாசல் வழியாக நுழைந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்ன வயது, ஆனால் கேள்விகள் கூர்மையாக இருந்தன. போர்வையை உருவிக் கீழே போட்டுவிட்டு வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"இரும்பு மாத்திரை மட்டும்தாங்க."

"முட்டி ரெண்டும் இப்படி வீங்கியிருக்கு. வலிக்கு எதுவும் போடலையா?"

"ஓ, அதுவா. அது தினம் போடுறதுதாங்க."

"எத்தனை நாளா?"

"ஒரு ஆறு வருஷம் இருக்கும்."

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். "வெறும் வயித்துலயா?"

"சாப்பிட்டுட்டு குனிய முடியாதுங்களே."

"அந்த மாத்திரை வலியைக் குறைக்கும், வீக்கத்தைக் குறைக்கும். ஆனா வயித்துக்கு உள்ள ஒரு பூச்சு இருக்கு, நம்ம அமிலமே நம்ம வயித்தைத் தின்னாம அதுதான் காப்பாத்துது. தினம் போட்டா அந்தப் பூச்சு போயிடும். புண்ணாகும், புண்ணு ஆழமாப் போய் ரத்தக்குழாயைத் தொடும். ரெண்டு வகை சேர்த்துப் போட்டா இன்னும் மோசம். கறுப்பா போச்சா? தார் மாதிரி, நாத்தமா?"

டைல்ஸ்காரருக்கு அந்த நிலையிலும் முகம் மலர்ந்தது. தெரிந்த கேள்வி வந்துவிட்டது.

"போச்சுங்க. நான் பயந்துதான் போனேன். எங்க வீட்டுல மோந்து பாத்துட்டு இரும்பு வாடைன்னு சொல்லிட்டாங்க. அவங்க இங்கதான் வேலை, கீழ சலவையில. அவங்க மூக்கு தப்பாதுங்க."

டாக்டரம்மா திரும்பி அவளைப் பார்த்தார். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும். "இரும்பு மாத்திரைக்கு அந்த நாத்தம் வராதேம்மா" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு ரத்தத்துக்கு எழுதினார்.

எட்டரை மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு ரத்தத்தை நிறுத்திப் பார்ப்போம், நிற்காவிட்டால் ஆப்பரேஷன் என்றார்கள். தள்ளுகட்டிலில் போகும்போது, "நீ போய் வேலையப் பாரு, சும்மா ஏன் லீவு போடுற" என்றார் அவர். அதுதான் அவர் அவளிடம் கடைசியாகச் சொன்னது. அந்த நேரத்தில் அவளுக்கு அது தெரியாது.

வெளியே உட்கார இடம் இருந்தது. உட்கார முடியவில்லை. சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கீழே இறங்கினாள். சலவைக்கூடத்தில் காலை வண்டி அப்போதுதான் வந்திருந்தது. சோடாபுட்டி தனியாக மேசையில் நின்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மணி ஒம்பது ஆகப்போகுது, மகாராணி இப்பதான் வர்றீங்க!" என்றாள் தலை நிமிராமலே. கைக்கு வந்த துணியை இழுத்தாள். இழுத்தவள் உதட்டைக் கடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்பா! வயித்துக்குள்ள ரத்தம் போற கேசு. இது இன்னிக்கு நேத்து வாடை இல்லக்கா, எத்தனை நாளா ஊறிட்டு இருந்துச்சோ. ஆஸ்பத்திரித் துணிகூட இல்ல, வீட்டுப் போர்வை. கூட இருந்தவங்க ஒருத்தருக்குமா மூக்கு இல்ல?"

மூக்கக்கா பார்த்தாள். பச்சைக் கட்டம் போட்ட போர்வை. ஒரு மூலையில் கிழிசல், கிழிசலின் மேல் நீலச் சட்டைத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. அந்தச் சட்டை டைல்ஸ்காரருடையது. ஒட்டுப் போட்டது அவள்.

"அது என் போர்வை" என்றாள்.

சோடாபுட்டி நிமிர்ந்தாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூலையை மூக்குக்கு அருகே வைத்து ஒட்டுத் தையலைப் பார்த்தாள். முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"அண்ணனா?"

"மேல உள்ள கொண்டுபோயிருக்காங்க. பத்து நாள் முன்னாடியே கூப்பிட்டுக் காட்டினார். நான் குனிஞ்சு மோந்து பாத்தேன். இரும்பு வாடைன்னு சொன்னேன்." அவள் குரல் வேறு யாரோ பேசுவது போல இருந்தது. "எனக்கு மோப்பம் இல்லடி. நாலு வருஷமா ஒண்ணும் தெரியல. மல்லாக்கப் போட்டுப் பொதைச்சாலும் மண் வாடைகூடத் தெரியாது."

சோடாபுட்டி ஆச்சரியப்படவில்லை. அதுதான் கொடுமை. போர்வையை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்கா."

"என்ன தெரியும்?"

"நீ துணிய உதறிட்டு என் மூஞ்சியத்தான் பாப்பேன்னு தெரியும். முதல் வருஷமே தெரியும். எனக்குக் கண்ணு தெரியலன்னு நீ வெளிய விட்டதில்ல. உனக்கு மூக்கு தெரியலன்னு நானும் விடல. உனக்காகவே மூஞ்சியக் கொஞ்சம் தூக்கலா சுளிப்பேன்." அவள் போர்வையின் ஒட்டுத் தையலைத் தடவினாள். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்கா. ஒரு நாளாவது வாய் தவறி அண்ணன்கிட்ட உளறித் தொலைச்சிருக்கலாம்."

இரண்டு பேரும் நாலு வருஷம் ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றியிருந்தார்கள். அந்தக் காப்பாற்றலுக்கு நடுவில் ஒரு மனுஷர் சிக்கிக்கொண்டார். மூக்கக்கா போர்வையை எடுத்துக்கொண்டு பச்சைத்தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். வேறு என்ன செய்வது என்று தெரியாதபோது கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. முழுக்க நனைத்து, கசக்காமல், ஊற விட்டாள். அப்புறம் மேலே ஏறிப் போனாள்.

குழாய் விட்டதில் ரத்தம் நிற்கவில்லை. வயிற்றைத் திறந்தார்கள். புண் ஆழமாக இருந்தது, ரத்தம் ஏற்ற ஏற்றப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மணிக்கு மேல் இருதயம் நின்றுவிட்டது என்று டாக்டரம்மா வந்து சொன்னார். சொல்லும்போது அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை பிளீச்சிங் பவுடரில் வெடித்துக் காய்ந்து கிடந்தது. முகாமில் விரலில் குத்தியவர்கள் முட்டியைப் பார்த்திருந்தால், கடைக்காரர் ஒரு தடவை கேட்டிருந்தால், என்று இரண்டு வருஷத்துக்குப் பேசலாம். வந்தவர்கள் எல்லாரும் பேசினார்கள். மூக்கக்கா பேசவில்லை. தன் பங்கு எது என்று அவளுக்குத் தெரியும், அதைப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்க அவளுக்கு மனம் இல்லை.

மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். நேராகச் சூப்பர்வைசரிடம் போய், "என்னை இஸ்திரி உருளைக்கு மாத்திடுங்க சார். எனக்கு மோப்பம் கிடையாது" என்றாள். அவர் ஏதோ துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்து, "ரெண்டு நாள் போகட்டும்மா" என்றார். அவள் அப்போதே உருளைக்குப் போய் நின்றுகொண்டாள்.

மாலையில் மெஷின்கள் நின்றபோது சோடாபுட்டி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். பச்சைக் கட்டம் போட்ட போர்வை. அன்றைக்கு ஊற வைத்துவிட்டுப் போனதை அவள் அலசி, இரண்டாம் தரம் சோப்புப் போட்டு, வெயிலில் காய வைத்து, மடித்து எடுத்து வைத்திருந்தாள். மூக்கக்கா விரித்து விளக்கின் கீழே பிடித்தாள். அவளுடைய கண்ணில் ஒன்றும் தப்பாது. கறையின் சுவடுகூட இல்லை. பச்சைத்தண்ணீரில் முதலில் போட்டதால் துப்புரவாகப் போயிருந்தது.

முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். அன்றைக்கு மேசையில் கிடந்தபோது எப்படி இருந்ததோ, இப்போதும் அப்படியேதான் இருந்தது.

போர்வையைச் சோடாபுட்டியிடம் நீட்டினாள்.

"நீ மோந்து சொல்லு. போயிடுச்சா?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போர்வையில் முகத்தைப் புதைத்து, ரொம்ப நேரம் மோந்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. சோப்பு வாசனைதான்."

மூக்கக்கா அவள் முகத்தையே பார்த்தாள். சுளிப்பு இருக்கிறதா, உதட்டைக் கடிக்கிறாளா என்று தேடினாள். அழுகிற முகத்தில் எதைக் கண்டுபிடிப்பது?

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான்கா."

"சரி" என்றாள். கழிவறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நம்பிய மாதிரியே அவளும் நம்பினாள். போர்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டாள்.